பதில்: டெர்ராஃபார்ம் அப்ளை செய்ததும் 12 டாஸ்க் 2 ஆகிவிடுகிறது

ஆட்டோஸ்கேலிங் (சுமைக்கேற்ப எண்ணிக்கையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) மதியம் 12 டாஸ்க் (ஓடும் செயலியின் பிரதிகள்) வரை ஏற்றியது, நீங்கள் வேறு ஏதோ மாற்றத்துக்காக டெர்ராஃபார்மில் (சர்வர் அமைப்புகளைக் கோடாக எழுதி உருவாக்கும் கருவி) அப்ளை கொடுத்ததும் 2 ஆகிவிட்டது என்கிறீர்கள். ஆட்டோஸ்கேலிங் மீது தப்பு இல்லை. இசிஎஸ் (அமேசானின் கன்டெய்னர் இயக்கும் சேவை) சர்வீஸில் டிசயர்டு_கவுண்ட் (எத்தனை டாஸ்க் ஓட வேண்டும் என்ற எண்) = 2 என்று எழுதியிருக்கிறீர்களே, டெர்ராஃபார்ம் அதைத்தான் நிறைவேற்றுகிறது. ஒரே எண்ணுக்கு இரண்டு முதலாளிகள்.

சர்வீஸ் ரிசோர்ஸுக்குள் லைஃப்சைக்கிள் பிளாக் வைத்து, இக்னோர்_சேஞ்சஸ் பட்டியலில் (டெர்ராஃபார்ம் கண்டுகொள்ளக் கூடாத மாற்றங்கள்) டிசயர்டு_கவுண்டைச் சேருங்கள். முதல்முறை உருவாக்கும்போது மட்டும் அந்த 2 எடுத்துக்கொள்ளப்படும். அப்புறம் டெர்ராஃபார்ம் அதைத் தொடாது. குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் ஆப்ஆட்டோஸ்கேலிங் டார்கெட்டில் (ஆட்டோஸ்கேலிங்கின் வரம்பை வைக்கும் ரிசோர்ஸ்) மாற்றிக்கொள்ளலாம்.

வரியையே அழித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம்! எழுதாவிட்டால் இயல்பு மதிப்பு 0.

நீங்கள் மாட்யூல் (பல இடங்களில் மறுபடி பயன்படுத்தும் கோடு தொகுப்பு) பயன்படுத்துவதால் இன்னொரு தொல்லை: இக்னோர்_சேஞ்சஸில் வேரியபிள் போட முடியாது. ஆட்டோஸ்கேலிங் உள்ளதற்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று என இரண்டு சர்வீஸ் ரிசோர்ஸ் எழுதி கவுண்டால் (ரிசோர்ஸை 0 அல்லது 1 முறை உருவாக்கச் சொல்லும் அமைப்பு) தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். அசிங்கமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும். அப்படிப் பிரித்தால் மூவ்டு பிளாக்கை (பழைய ரிசோர்ஸ்தான் புதுப் பெயரில் இருக்கிறது என்று சொல்வது) மறக்காதீர்கள். இல்லையென்றால் ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸை அழித்துப் புதிதாக உருவாக்கப் பார்க்கும்.

டிப்ளாய்மெண்ட் நடக்கும்போது எண்ணிக்கை குறையாமல் நிற்பது கோளாறு அல்ல. அந்த நேரத்தில் ஸ்கேல்-இன் (டாஸ்க் எண்ணிக்கையைக் குறைப்பது) நிறுத்தி வைக்கப்படும்.