ஹாம் ரேடியோ கற்க இணையம் போதுமா, சங்கத்திலும் சேர வேண்டுமா?

ஹாம் ரேடியோவில், அதாவது தனியாட்கள் பொழுதுபோக்காக நடத்தும் அமெச்சூர் வானொலியில், புதிதாக ஆர்வம் வந்திருக்கிறது, உரிமம் இன்னும் வாங்கவில்லை, இணையத்தை மட்டும் வைத்துக் கற்றுக்கொள்ளலாமா அல்லது சங்கத்தில் சேர வேண்டுமா, முதலில் எதைச் செய்து பார்க்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டுப் பழகுவதற்கு இணையம் தாராளமாகப் போதும். ஆனால் கையால் ஒன்றைச் செய்யத் தொடங்கிய பிறகு, சங்கத்தின் துணை இல்லாமல் நான் பல வாரங்களை வீணடித்தேன்.

ஒலிபரப்புவதற்குத்தான் உரிமம் தேவை. அமெச்சூர் அலைவரிசைகளைக் கேட்பதற்குப் பெரும்பாலான நாடுகளில் தடையில்லை. ஆகவே கருவி எதையும் வாங்காமலே இன்றே தொடங்கலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எஸ்டிஆர் ரிசீவர் 29 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளைப் பிடித்து இணையத்தில் தருகிறது. ஒரே ஆண்டெனாவை ஒரே நேரத்தில் பலர் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு அதிர்வெண்ணில் கேட்கலாம். கிவிஎஸ்டிஆர் என்ற சிறிய ரிசீவர்களை உலகின் பல இடங்களில் ஆர்வலர்கள் இதேபோல் திறந்துவைத்திருக்கிறார்கள்.

எதைக் கேட்பது என்று தெரியாமல்தான் பலர் இரண்டே நாளில் சலித்துப்போகிறார்கள். என் பரிந்துரை 14.100 மெகாஹெர்ட்ஸ். வட கலிபோர்னியா டிஎக்ஸ் அறக்கட்டளையும் பன்னாட்டு அமெச்சூர் வானொலி ஒன்றியமும் சேர்ந்து நடத்தும் 18 வழிகாட்டி நிலையங்கள், அதாவது பீக்கன்கள், அந்த அதிர்வெண்ணில் முறை வைத்து ஒலிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி, மொத்தச் சுற்றுக்கு 3 நிமிடம். முதலில் 100 வாட்டில் நிலையத்தின் அடையாளமான அழைப்புக்குறி மோர்ஸ் தந்திக் குறியீட்டில் வரும். அதைத் தொடர்ந்து ஒரு விநாடி நீளமுள்ள நான்கு கோடுகள், அதாவது நீண்ட ஒலிகள், முதலாவது 100 வாட்டிலும், அடுத்தவை 10, 1, 0.1 வாட்டிலும் ஒலிக்கும். ஒரு நிலையத்தின் முதல் இரண்டு கோடுகள் மட்டும் காதில் விழுந்து மூன்றாவது இரைச்சலில் கரைந்துபோனால், அந்தத் திசையில் அப்போது அலை எந்த அளவுக்கு எட்டுகிறது என்பது வேறெந்தக் கருவியும் இல்லாமலே புரிந்துவிடும். காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் கேட்டு ஒரு நோட்டில் குறித்து வந்தால், அலைகளைப் பூமிக்குத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலத்தைப் பற்றிப் பாடப்புத்தகம் சொல்வதைவிட அதிகம் பிடிபடும். மோர்ஸ் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். எந்த நிலையம் எந்த விநாடியில் ஒலிக்கும் என்ற அட்டவணை இருப்பதால், சரியான நேரம் காட்டும் கடிகாரம் இருந்தாலே போதும்.

சொந்தமாக ரிசீவர் வேண்டுமென்றால் ஆர்டிஎல்-எஸ்டிஆர் குச்சியே மலிவான வழி. தொலைக்காட்சி பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட யுஎஸ்பி கருவிதான் அது. அதிலுள்ள ஆர்டிஎல்2832யு சிப்பிலிருந்து பதப்படுத்தாத அலைத் தரவை நேரடியாக எடுக்க முடியும் என்பது 2012 வாக்கில் பரவலாகத் தெரியவந்த பிறகு, அதன் பிழைப்பே மாறிவிட்டது. சர்வதேச விண்வெளி நிலையத்தின் அமெச்சூர் ஒலிபரப்பை 145.800 மெகாஹெர்ட்ஸில் இதைக் கொண்டே கேட்கலாம். அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஒரு கம்பி ஆண்டெனாவாகப் போதும்.

சங்கத்தின் அருமை எனக்குத் தெரிந்தது உரிமம் வாங்கி, டைபோல் என்ற, நடுவில் கேபிள் இணையும் கம்பி ஆண்டெனாவை முதன்முதலாகக் கட்டிய பிறகு. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் கம்பியின் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும் என்ற சூத்திரப்படி, 14.1க்கு ஏறத்தாழ 10.1 மீட்டர் வெட்டிக் கட்டினேன். காற்றில்லாத நேரத்தில் எல்லாம் சரியாக இருந்தது. காற்று வீசினால் மட்டும் எஸ்டபிள்யூஆர் முள், அதாவது அனுப்பும் அலை ஆண்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் முள், மேலே தாவியது. கம்பி ஆடுவதுதான் காரணம் என்று நானாக முடிவு செய்து, இணையத்தில் படித்ததையெல்லாம் வைத்து மூன்று முறை நீளத்தை வெட்டிச் சரிசெய்தேன். கம்பி குறைந்ததே தவிர, கோளாறு குறையவில்லை.

சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் கேபிளைக் கழற்றி எடுத்துவரச் சொன்னார். ஒரு முனையைச் சிறு கம்பித் துண்டால் குறுக்கே இணைத்து, மறுமுனையில் மல்டிமீட்டரை வைத்து, பிளக்கின் அடியில் கேபிளை மெல்ல அசைத்தார். மீட்டரில் எண் தாறுமாறாக ஓடியது. கேபிளின் வெளிப்பின்னலைப் பிளக்கின் உடலோடு பிணைக்க நான் வைத்த ஈயம் மேலே பளபளவென்று இருந்தாலும், உள்ளே பின்னலில் ஒட்டவே இல்லை. என்னிடம் இருந்தது 25 வாட் சால்டரிங் அயர்ன். அந்தக் கனமான பிளக்கின் உடலைச் சூடேற்ற அதற்குத் தெம்பு போதாது. "தம்பி, ஈயம்தான் உருகியிருக்கிறது, பிளக் சூடாகவே இல்லை" என்றார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. என்ன கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியாதிருந்ததால், இணையத்தில் எத்தனை தேடியும் இந்த விடை எனக்குக் கிடைத்திருக்காது.

எனவே சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் வயதையோ உறுப்பினர் எண்ணிக்கையையோ பார்க்காதீர்கள். அங்கே வேலை மேசை இருக்கிறதா, அளவுக் கருவிகளை இரவல் தருவார்களா, வெளியிடத்தில் நிலையம் அமைத்து இயக்கும் நாட்களில் புதியவரையும் மைக்கின் முன் உட்கார வைப்பார்களா என்று விசாரியுங்கள். கூட்டக் குறிப்பு வாசிப்பதிலேயே மாலை முழுவதும் கழியும் சங்கமாக இருந்தால், வேறு சங்கம் தேடுவதே நல்லது.

உரிமம் கிடைத்ததும் செய்து பார்க்க விஸ்பர் நல்ல வேலை. துடிப்பு விண்மீன் ஆய்வுக்காக 1993இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோ டெய்லர் உருவாக்கிய முறை அது. அழைப்புக்குறி, இருப்பிடக் குறியீடு, திறன் ஆகிய மூன்றை மட்டும் ஏறக்குறைய 110 விநாடிக்கு மெதுவாக அனுப்பினால், அதைப் பிடித்த நிலையங்களின் பட்டியல் சில நிமிடங்களில் இணையத்தில் தெரியும். 200 மில்லிவாட் போன்ற சொற்பத் திறனே இதற்குப் போதும். ஆண்டெனாவை மாற்றுவதற்கு முன்பும் பின்பும் இதை ஓடவிட்டு ஒப்பிட்டால், மாற்றம் பலித்ததா என்று ஊகிக்க வேண்டிய தேவை இராது.

சங்கத்துக்கு முதன்முறை போகும்போது வெறுங்கையோடு போகாமல், நீங்கள் ஈயம் வைத்த பிளக் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்; 100 வாட் அயர்ன் ஒன்றாவது அங்கே யாரிடமாவது இருக்கும்.