க்ரொய்ட்ஸ்பெர்க்: துருக்கியரும் கலைஞர்களும் ஒரே பேட்டைக்கு வந்தது எப்படி?

பெர்லினின் க்ரொய்ட்ஸ்பெர்க் பற்றிக் கல்லூரிக் கட்டுரை எழுதுகிறீர்கள். துருக்கியத் தொழிலாளர்களும் பங்க் இசைக்காரர்களும் ஒரே பேட்டையில் ஏன் சேர்ந்தார்கள் என்ற இடத்தில் நிற்கிறீர்கள், சரிதானே? வாடகையிலிருந்து ஆரம்பியுங்கள்.

1961 ஆகஸ்டில் கிழக்கையும் மேற்கையும் பிரித்து பெர்லின் சுவர் எழுந்ததும், நகரின் நடுவில் இருந்த இந்தப் பகுதி மேற்கு பெர்லினின் ஓரமாகிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் போட்டது. வந்தவர்களுக்குக் கிடைத்தவை, இடிக்கக் குறித்துவைத்த பழைய வீடுகள். அப்புறம் மாணவர்கள், ஓவியர்கள், கட்டாய ராணுவச் சேவைக்குத் தப்பி வந்த இளைஞர்கள் எல்லோரும் அதே மலிவான வாடகைக்காக வந்தார்கள். மூடிக்கிடந்த பெத்தானியன் மருத்துவமனையின் ஒரு கட்டடத்தில் 1971இல் இளைஞர்கள் புகுந்து குடியேறினார்கள். 1978இல் ஓரானியன் தெருவில் எஸ்ஓ36 என்ற பங்க் இசை அரங்கு திறந்தது; பெயர் அந்தப் பகுதியின் பழைய அஞ்சல் குறியீடுதான்.

ஆற்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பலரும் விடுகிறார்கள், எனக்கு அது எரிச்சல். அங்கே எல்லையாக ஓடிய ஷ்ப்ரே ஆற்றின் முழு அகலமும் அப்போது கிழக்கு பெர்லினுக்குச் சொந்தமாக இருந்தது. மேற்குக் கரையில் விளையாடும்போது தவறி விழுந்த பிள்ளைகளைத் தூக்க, கிழக்கின் எல்லைக் காவலர்கள் சுடுவார்களோ என்ற பயத்தில் யாரும் இறங்கவில்லை. 1966 முதல் 1975 வரை ஐந்து குழந்தைகள் மூழ்கினார்கள். அவர்களில் துருக்கியப் பிள்ளைகளும் உண்டு. 1975 அக்டோபரில்தான், விழுந்தவர்களை மீட்பது பற்றி இரு தரப்புக்கும் இடையே ஒப்பந்தம் வந்தது.

இன்றைய ஆற்றோர மதுக்கூடங்களுக்கு வருமுன் இதை எழுதுங்கள். அந்தக் கரையில் பெரிய கட்டடங்கள் வருவதை எதிர்த்து நடந்த 2008 வாக்கெடுப்பு கடைசிப் பகுதிக்குப் போதும். அடால்பர்ட் தெருவில் வட்டார அருங்காட்சியகம் இருக்கிறது. அதன் இணையதளத்தையும் பாருங்கள்.