பொலிஸ் விளக்குக்கு நிற்கவில்லை என்று சம்மன்: கட்டிவிட்டுப் போகலாமா?

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். டொரன்டோவின் ஸ்காபரோவில் இரவு டெலிவரி முடித்து வரும்போது பின்னால் பொலிஸ் கார் விளக்கைப் போட்டிருக்கிறது. நீங்கள் அந்த இடத்திலேயே நிற்காமல் அரைக் கிலோமீற்றர் தள்ளி ஒரு பிளாசாவுக்குள் போய் நிறுத்தியிருக்கிறீர்கள். பொலிஸுக்கு நிற்காமல் போனதாகச் சம்மன் தந்துவிட்டார்கள். கையில் ஜி2 லைசென்ஸ் (புதிய சாரதிகளுக்கான இடைநிலை லைசென்ஸ்), அகதிக் கோரிக்கை இன்னும் விசாரணைக்கு வரவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு ஃபைனைக் கட்டி அலுவலை முடிக்கலாமா?

வேண்டாம். முதலில் அந்தத் தாளில் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று பாருங்கள். ஒன்ராறியோவில் இதே செயலுக்கு இரண்டு சட்டங்கள் இருக்கின்றன. ஒன்று உங்கள் பணத்தையும் லைசென்ஸையும் தொடும். மற்றது நீங்கள் இந்த நாட்டில் இருப்பதையே தொடும்.

216 என்று இருந்தால் அது மாகாணத்தின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம். அதன் முதல் உட்பிரிவில் தண்டம் 1,000 முதல் 10,000 டொலர் வரை, அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸில் ஏழு டிமெரிட் புள்ளிகளும் (தவறுக்கான புள்ளிகள்) ஏறும். ஜி2 காரருக்கு நான்கு புள்ளியோ அதற்கு மேலோ உள்ள ஒரு குற்றம் தீர்ப்பானாலே முதல் தடவை 30 நாள் லைசென்ஸ் நிறுத்தம். டெலிவரி வேலைக்கு அதுவே பெரிய அடி, இன்சூரன்ஸும் கூடும். ஆனால் இது குற்றப் பதிவு ஆகாது.

அதே 216இன் மூன்றாம் உட்பிரிவு வேறு கதை. பொலிஸ் துரத்தும்போது வேண்டுமென்றே தப்பி ஓடியதாக நீதிமன்றம் கண்டால் 5,000 முதல் 25,000 டொலர் தண்டம், குறைந்தது 14 நாள் சிறை, ஐந்து வருட லைசென்ஸ் நிறுத்தம். யாருக்காவது காயமோ மரணமோ ஏற்பட்டிருந்தால் நிறுத்தம் குறைந்தது பத்து வருடம். ஆகவே "216தானே" என்று யாராவது ஆறுதல் சொன்னால் எந்த உட்பிரிவு என்று திருப்பிக் கேளுங்கள்.

320.17 என்று இருந்தால் அது கனடாவின் குற்றவியல் கோவை. 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த பிரிவு. பழைய சட்டத்தில் ஐந்து வருடமாக இருந்த உச்ச தண்டனை இப்போது பத்து வருடம். நடைமுறையில் பலருக்குச் சிறையே கிடைக்காமல் போகலாம், ஆனால் குடிவரவுச் சட்டம் நீங்கள் பெற்ற தண்டனையை மட்டும் பார்ப்பதில்லை. அந்தக் குற்றத்துக்கு அதிகபட்சம் எத்தனை வருடம் என்றும் பார்க்கிறது. பத்து வருடம் என்றால் அது "பாரிய குற்றம்". வழக்கைச் சிறிய நடைமுறையில் நடத்தினாலும், குடிவரவுக் கணக்கில் பெரிய நடைமுறையாகவே எடுத்துக்கொள்வார்கள். நிரந்தர வதிவாளருக்கே இதில் வெளியேற்ற உத்தரவு வரலாம். ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறை கிடைத்தால் மேன்முறையீட்டு உரிமையும் போய்விடும். உங்களைப் போல கோரிக்கை நிலுவையில் உள்ளவருக்கு, அதை விசாரிக்கவே தகுதியில்லை என்று நிறுத்த அந்தத் தீர்ப்பு வழிவிடும். அதனால்தான் கட்டிவிட்டுப் போகாதீர்கள் என்கிறேன்.

ஒப்புக்கொண்ட பிறகு "குடிவரவு விளைவு எனக்குத் தெரியாது" என்று திரும்பப் போவது மிகக் கடினம். 2018இல் வொங் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: விளைவு தெரியாமல் ஒப்புக்கொண்டேன் என்பது மட்டும் போதாது, தெரிந்திருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பேன் என்றும் காட்ட வேண்டும். அவரால் காட்ட முடியவில்லை. தீர்ப்புக்கு முன்னரே பேசினால் நிலைமை வேறு. 2013இல் ஃபாம் வழக்கில், தண்டனை தீர்மானிக்கும்போது குடிவரவு விளைவையும் நீதிபதி கருத்தில் எடுக்கலாம் என்று அதே நீதிமன்றம் சொன்னது. அரச தரப்பு குற்றவியல் குற்றச்சாட்டை விட்டு 216இன் முதல் உட்பிரிவுக்கோ கவனமற்ற ஓட்டத்துக்கோ இறங்கி வர முடியும். நிபந்தனை விடுவிப்பு (தீர்ப்பைப் பதியாமல் நிபந்தனைகளோடு விடுவது) கிடைத்தாலும் சட்டப்படி நீங்கள் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டவர் அல்ல.

இனி எதிர்வாதம். 216 கேட்பது, பொலிஸ் என்று எளிதில் அடையாளம் காணக்கூடிய ஒருவர் சைகை காட்டினால் உடனே பாதுகாப்பாக நிற்பது. "உடனே" என்ற சொல்லும் "பாதுகாப்பாக" என்ற சொல்லும் ஒரே வசனத்தில் இருக்கின்றன, வழக்கின் உயிர் அங்கேதான். 320.17 கேட்பது, சூழ்நிலையில் நியாயமான அளவு விரைவாக நிறுத்தினீர்களா, இல்லையென்றால் நியாயமான காரணம் உண்டா என்பது. வந்தது அடையாளம் இல்லாத காரா? சைரன் ஒலித்ததா, விளக்கு மட்டுமா? ஓரத்தில் பனிக்குவியலா, ஒதுங்கி நிற்க ஓரமே இல்லாத பாதையா? வேகத்தைக் குறைத்தீர்களா, வலது சிக்னலோ நான்கு பக்க விளக்கோ போட்டீர்களா? வேகம் குறைத்து, சிக்னல் போட்டு, முதலில் கண்ட வெளிச்சமான வாசலுக்குள் திரும்பியவரை ஓடியவர் என்று நிரூபிப்பது கடினம். வேகம் கூட்டி இரண்டு தெரு திரும்பியிருந்தால் "பயந்துவிட்டேன்" என்பது தாங்காது. ஊர்ச் சோதனைச் சாவடிகளின் பயம் எவ்வளவு உண்மையானாலும், அதை மட்டும் நம்பி நீதிமன்றம் போகாதீர்கள்.

சாட்சியங்கள் அழியும் முன்னே சேருங்கள். டாஷ்காம் கார்டை இன்றைக்கே கழற்றி எடுத்து வையுங்கள், ஓட ஓடப் பழைய பதிவின் மேல் புதியது எழுதிவிடும். டெலிவரி ஆப்பில் அந்த இரவின் பயண விபரத்தைப் பிரதி எடுங்கள். பிளாசாக் கடைகளில் கேமரா பதிவை இந்த வாரமே கேளுங்கள். அதே நேரத்துக்கு அந்த வீதிக்குப் போய், விளக்கை முதலில் கண்ட இடத்திலிருந்து நிறுத்திய இடம் வரை வெளிச்சமும் ஓரமும் தெரியப் படம் எடுங்கள். நடந்ததை ஒரு தாளில் எழுதி, தலைப்பில் "என் சட்டத்தரணிக்கு" என்று போட்டு அவருக்கு மட்டும் கொடுங்கள். பொலிஸ்காரரைத் தேடிப் போய் விளக்கம் சொல்லாதீர்கள். "பார்த்தேன் சேர், இடம் தேடினேன்" என்ற ஒரு வரி, இடம் தேடினீர்கள் என்று உதவும். அதே வரி விளக்கைக் கண்டீர்கள் என்பதையும் அவர்களுக்கு நிரூபித்துக் கொடுக்கும். அன்றே அப்படிச் சொல்லியிருந்தால் அதையும் தாளில் எழுதுங்கள், மறைக்காதீர்கள்.

216க்கு லைசென்ஸ் உள்ள பராலீகல் (சிறிய வழக்குகளில் வாதாட அனுமதி பெற்றவர்) வாதாடலாம். 320.17க்குக் குற்றவியல் சட்டத்தரணி வேண்டும், அவர் உங்கள் குடிவரவுச் சட்டத்தரணியோடு பேச வேண்டும். வசதி இல்லையென்றால் சட்ட உதவி தரும் லீகல் எய்ட் ஒன்ராறியோவில் விண்ணப்பியுங்கள். முதல் தவணையில் ஒன்றையும் ஒப்புக்கொள்ளாமல் பொலிஸ்காரரின் குறிப்பு, கார்க் கேமரா, உடல் கேமரா, பொலிஸ் வானொலிப் பதிவு எல்லாவற்றையும் கேட்டு வாங்குங்கள். தவணையைத் தவறவிட்டால் குற்றவியல் வழக்கில் பிடியாணையும் புதுக் குற்றச்சாட்டும் வரும். மாகாண வழக்கில் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு எழுதலாம்.

தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை, இலவசம். ஆங்கிலம் ஓரளவு வரும் என்று கேட்காமல் விடாதீர்கள். நீதிபதி வேகமாகக் கேட்கும்போது விளங்காமல் போட்ட ஒரு "யெஸ்" ஒப்புதலாகவே பதிவாகும்.