பெங்களூரிலிருந்து காரில் கோவைக்குத் தொழில்நுட்பக் கூட்டத்துக்கு வருகிறேன். கொங்கு நாட்டில் வேறு எங்கே போகலாம்?

கேட்டவர் மென்பொருள் எழுதுபவர். சனிக்கிழமை கோவையில் பைதான் என்ற நிரல்மொழியில் எழுதுபவர்களின் கூட்டம், அடுத்த வாரக் கடைசியில் ஈரோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பேச அழைப்பு. நடுவில் இருக்கும் நாட்களில் ஊட்டி, வால்பாறை, பழனி என்று ஒரு சுற்றுப் போட்டால் போதுமா என்கிறார். எனக்கும் அதே தொழில்தான். சொந்த ஊர் பெருந்துறைப் பக்கம். ஆகவே கொஞ்சம் உரிமையோடே சொல்கிறேன்.

முதலில் ஊட்டியை எடுத்துவிடுங்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். அதை வாங்கி, மேட்டுப்பாளையத்தில் வரிசையில் நின்று, மேலே போயும் வரிசையிலேயே நிற்பீர்கள். வால்பாறை நல்ல ஊர்தான், ஆனால் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்கிவிட்டு மறுநாள் மேடையில் பேசினால் குரல் உங்களுடையதாக இருக்காது. பழனிக்குத் தனியாக, நேர்ந்துகொண்டு வாருங்கள்.

என் யோசனை இதுதான்: வரும்போது மட்டும் சேலம் வழியாக நெடுஞ்சாலையில் கோவைக்கு வந்துவிடுங்கள். பிறகு நொய்யலோடு இறங்கி, காவிரியோடு ஏறி, பவானி ஆற்றோடு திரும்புங்கள். பெருவழியில் மட்டும் போனால் டோல்கேட்டும் பொறியியல் கல்லூரி விளம்பரப் பலகையும்தான் கண்ணில் படும். ஆற்றங்கரையில் போனால் இந்த நாடு எப்படிச் செய்யப்பட்டது என்று தெரியும். செய்யப்பட்டது என்றுதான் சொல்ல வேண்டும். மேற்கு மலைக்குப் பின்னால் மழை மறைவில் கிடக்கும் பூமி இது. நஞ்சைக்குப் பாயும் தண்ணீரில் பெரும்பங்கு யாரோ வெட்டிக் கொண்டுவந்தது.

கோவைக் கூட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெங்களூரில் நடப்பதைப் போலவே இருக்கும், கூட்டம் குறைவு, காப்பி மேல். பெரும்பாலும் சரவணம்பட்டி, விளாங்குறிச்சி, அவிநாசி சாலை இவற்றில் ஏதாவது ஒன்றில்தான் இடம் அமையும். அறையையும் அங்கேயே எடுங்கள், காந்திபுரத்தில் வேண்டாம். அவிநாசி சாலையில் 2025இல் திறந்த பத்துக் கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயர். அதே சாலையில் அவர் பெயரில் உள்ள கார் அருங்காட்சியகத்துக்கு ஒரு மதியத்தைக் கொடுங்கள். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொடங்கிய மனிதர். 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தார். இன்று ஊரெங்கும் பம்பும் கிரைண்டரும் செய்யும் பட்டறைகள் எப்படி வந்தன என்பதற்கு அங்கேதான் நூலின் நுனி கிடைக்கும்.

தமிழ்க் கணிமை பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றால் இன்னொரு செய்தி. 2010 ஜூனில் செம்மொழி மாநாடு நடந்தபோது அதோடு சேர்த்துத் தமிழ் இணைய மாநாடும் கோவையில்தான் நடந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் ஒரே குறியீட்டு முறையான ஒருங்குறியை (யூனிகோடு) தமிழக அரசு தரமாக ஏற்றதும் அந்த நேரத்தில்தான். அதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவோடு மாரடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். உங்கள் வயதுக்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஞாயிறு காலை பேரூரில் தொடங்குங்கள். பட்டீசுவரர் கோயிலின் கனகசபை மண்டபத் தூண்களை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டு, கோயிலுக்குப் பக்கத்தில் ஓடும் நொய்யலையும் பாருங்கள். வெள்ளியங்கிரியிலிருந்து வரும் ஆறு இங்கே இன்னும் ஆறாகவே இருக்கிறது. திருப்பூருக்குப் போனதும் மறுபடி பாருங்கள். காதர்பேட்டையில் பனியன் வாங்கத்தான் எல்லோரும் திருப்பூருக்குப் போகிறார்கள், வாங்குங்கள். ஆனால் ஒரு பொறியாளர் அங்கே பார்க்க வேண்டியது சாயக் கழிவு நீரைச் சுத்திகரிக்கும் பொது நிலையம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நிலைக்கு ஊர் வந்த பிறகுதான் பட்டறைகள் திரும்ப ஓடின. கழிவு நீரைச் சவ்வு வழியாக அழுத்தி நல்ல நீரைப் பிரிக்கிறார்கள். மிஞ்சிய உப்புக் கரைசலைக் காய்ச்சிப் படிகமாக்கி உப்பையும் மறுபடி சாயத் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். அழைத்த கல்லூரியில் யாருக்காவது பட்டறை வைத்திருக்கும் மாமா இருப்பார், அனுமதிக்கு அவரைப் பிடியுங்கள்.

அங்கிருந்து சென்னிமலைப் பக்கம் போனால் நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காக 1992இல் கட்டி முடித்தார்கள். சாயத் தண்ணீர் தேங்கி, 'திறந்து விடாதீர்கள்' என்று கீழ்ப் பகுதி விவசாயிகளே கெஞ்சும் நிலை வந்தது. எல்லாம் வரைபடப்படி சரியாகக் கட்டிய அணைதான். மேலே என்ன நடக்கும் என்பது வரைபடத்தில் இல்லை.

அதற்குப் பக்கத்திலேயே, நொய்யலின் வடகரையில் கொடுமணல். பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான் என்கிறார்கள். 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியதில் இரும்பு உருக்கிய உலைகளும், மணிக்கற்களை அறுத்துத் துளையிட்டுப் பட்டை தீட்டிய தடயங்களும், தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. போய் நின்றால் காடுதான் தெரியும். கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இருந்தாலும் போங்கள். சரக்குக்குப் பெயர் பெற்ற ஊர்கள் இந்தப் பக்கம் நேற்று முளைத்தவை அல்ல என்பதை அந்தக் காட்டில் நின்றால்தான் நம்பத் தோன்றும்.

காங்கேயத்தை ஒட்டிய சிவன்மலைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அங்கே முருகன் சன்னிதிக்கு முன்னால் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. யாராவது ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்வார். சாமியிடம் பூக்கேட்டு உறுதியானால் அந்தப் பொருள் பெட்டிக்குள் வரும். அடுத்தவர் கனவு வரும்வரை அதுவே இருக்கும், வந்ததும் பழையது போய்விடும். கூட வந்த நண்பர், 'ஒரே ஒரு மதிப்பை வைத்திருக்கும் மாறி, சரிபார்ப்பு இல்லாமல் எழுத முடியாது' என்றார். நிரலில் ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் இடத்துக்கு மாறி என்று பெயர். கோயிலுக்குள் சிரிக்கக் கூடாது.

இனிக் கல்லூரிப் பேச்சு. நான் கோவைக் கூட்டத்தைவிட இதைத்தான் முக்கியம் என்பேன். உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் ஏதாவது ஒரு தொழில் நடக்கும். குமாரபாளையம், பள்ளிபாளையம் என்றால் விசைத்தறி. நாமக்கல் என்றால் கோழிப்பண்ணை அல்லது லாரி. திருச்செங்கோடு என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி. ஆகவே கேள்விகள் வேறு மாதிரி வரும். திருச்செங்கோட்டுப் பையன் ஒருவன் என்னிடம் கேட்டது: 'எங்கள் வண்டி வடக்கே ஏதோ காட்டில் நிற்கிறது. எத்தனை அடி போட்டோம், எவ்வளவு டீசல் என்று டிரைவர் நோட்டில் எழுதுகிறார். சிக்னல் கிடையாது. நீங்கள் காட்டிய செயலி அங்கே என்ன செய்யும்?' ஒன்றும் செய்யாது என்பதுதான் நேர்மையான பதில். பண்ணைக்காரர் மகள் ஒருத்தி, முட்டை விலை நாள்தோறும் மாறும்போது நேற்று ஏற்றிய லோடுக்கு எந்த விலையில் பில் போடுவது, அதைத் தரவுத்தளத்தில் எப்படி வைப்பது என்று கேட்டாள். பெங்களூர் மேடைகளில் இப்படி ஒரு கேள்வி எழுந்து நான் பார்த்ததில்லை. அங்கே கேட்பதெல்லாம் 'இதை எத்தனை சர்வரில் ஓட்டுகிறீர்கள்' என்பதுதான்.

எனவே மேகக் கணிமை, கொள்கலன்கள் என்று பெரிய சர்வர்களில் மென்பொருளை ஓட்டுவது பற்றி நீங்கள் தயாரித்து வைத்திருக்கும் படங்களைப் பாதியாக்குங்கள். இணையம் இல்லாதபோது கருவியிலேயே பதிந்து வைத்து, இணைப்பு வந்ததும் ஒத்திசைப்பது எப்படி, இருவர் ஒரே பதிவைத் திருத்தியிருந்தால் எதை வைத்துக்கொள்வது என்பதை, கருவிக்குள்ளேயே இருக்கும் சின்னத் தரவுத்தளமான எஸ்கியூலைட்டில் நேரில் செய்து காட்டுங்கள். தமிழில் பேசுங்கள். கலைச்சொல் ஆங்கிலத்தில் இருந்துவிட்டுப் போகட்டும், வாக்கியம் தமிழில் இருந்தால் கடைசி வரிசையிலிருந்தும் கை உயரும். பேச்சு முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், மறுப்பது மரியாதை இல்லை. அரிசியும் பருப்பும் சாதம் எந்த ஓட்டலிலும் வீட்டில் கிடைப்பதைப் போல் கிடைக்காது, மேலே நெய்யை அவர்களே ஊற்றுவார்கள். அப்படிப் போன ஒரு வீட்டில், தறிக்கொட்டகை வைத்திருந்த அப்பச்சி என் லேப்டாப்பைப் பார்த்துக் கேட்டார்: 'கண்ணு, கரண்ட் போனால் இதிலே ஏறிய கணக்கு இருக்குமா, போய்விடுமா?' பேத்தி எனக்கு முந்திக்கொண்டு, எழுதி முடித்த கணக்கு இருக்கும், பாதி எழுதியது போய்விடும் என்று சொன்னாள். அவர் 'பாதிக் கணக்கு இருப்பதைவிட அதுவே நல்லது' என்றார்.

தேதியை நீங்களே சொல்ல முடியுமென்றால் டிசம்பர் 22ஐக் கேளுங்கள். கணித நாள், அதற்கென்று கல்லூரிகளே விழா எடுக்கும். சீனிவாச ராமானுஜன் 1887இல் அன்றுதான் ஈரோட்டில், தாய்வழிப் பாட்டனார் வீட்டில் பிறந்தார். கும்பகோணத்துக்காரர் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள், ஈரோட்டுக்காரர்களும் பெரிதாகச் சண்டை போடுவதில்லை. அவர் தன் சூத்திரங்களைச் சொல்லித் தந்ததாகக் கூறிய நாமகிரித் தாயார், நாமக்கல்லில் குடைவரை நரசிம்மர் கோயிலில் இருக்கிறார். ஈரோட்டிலிருந்து திருச்செங்கோடு வழியாகப் போய்விட்டு மாலைக்குள் திரும்பலாம். எதிரே 18 அடி ஆஞ்சநேயர், கூரை கிடையாது. செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமையும் நல்ல தேதி. மென்பொருள் விடுதலை நாளுக்கு மாணவர்களே கூட்டம் சேர்ப்பார்கள். ஆடி பதினெட்டை மட்டும் தவிருங்கள். அன்று பவானிக் கூடுதுறையில் கார் நிறுத்த இடம் தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

கொடுமுடியிலிருந்து ஈரோட்டுக்குக் காவிரிக் கரையோடு மேலே வரும்போது, கூடவே வளைந்து வளைந்து வருவது காலிங்கராயன் வாய்க்கால். 13ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றில் அணை கட்டி, ஏறத்தாழ 90 கிலோமீட்டர் கொண்டுபோய் நொய்யலில் சேர்த்திருக்கிறார்கள். பாம்பு ஒன்று ஊர்ந்து வழிகாட்டியது என்பது ஊர்க் கதை. சரிவைச் சிறிது சிறிதாகவே செலவழித்து, மேட்டை ஒட்டியே போனால்தான் தண்ணீர் அவ்வளவு தூரம் ஓடும். வளைவுகளுக்குக் காரணம் அதுதான். எனக்குப் பாம்பைவிடப் பிடித்தது கதையின் அடுத்த பகுதி. வாய்க்காலை வெட்டிய காலிங்கராயனைப் பற்றி, தன் நிலத்துக்குத்தான் வெட்டிக்கொள்கிறான் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். காலிங்கராயன், தானும் தன் வழிவந்தவர்களும் இந்தத் தண்ணீரைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு, பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளிக்குக் குடிபோனாராம். வெண்ணெய்க்குப் பெயர் பெற்ற திருப்பூர்ப் பக்கத்து ஊத்துக்குளி அல்ல, அது வேறு. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட கட்டற்ற மென்பொருளைப் பராமரிப்பவர்கள் யாராவது உங்களோடு வந்தால் இந்த இடத்தில் வண்டியை நிறுத்திக் கதையைச் சொல்லுங்கள், ஒரு பெருமூச்சு வரும்.

பவானியில் ஜமக்காளம் வாங்கும் எண்ணம் இருந்தால் கூட்டுறவுச் சங்கக் கடையில் வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்றது குழித்தறியில் கையால் நெய்தது. அகலமான விரிப்புக்கு இரண்டு பேர் பக்கம் பக்கமாக உட்கார்ந்து நெய்வார்கள். விசைத்தறியில் ஓட்டியதும் அதே பெயரில் கடைகளில் தொங்குகிறது. சங்கமேசுவரர் கோயிலில் தந்தத் தொட்டில் ஒன்று உண்டு. கலெக்டராக இருந்த வில்லியம் கேரோ, இடியப்போகும் மாளிகையிலிருந்து அம்பாள் தன்னை எழுப்பி வெளியே அழைத்துவந்ததாக நம்பி 1804இல் கொடுத்தது.

திரும்பும்போது கோபி வழியாகச் சத்தியமங்கலம். கொடிவேரியில் குளியலும் பொரித்த மீனும். பவானிசாகர், 1955இல் முடித்த மண் அணை. மேலே நின்று பார்த்தால் இவ்வளவு மண்ணை எப்படிக் கொட்டினார்கள் என்ற கேள்விதான் வரும். அங்கிருந்து பண்ணாரி, திம்பம், ஆசனூர், சாமராஜநகர் என்று மைசூர்ப் பக்கம் ஏறி பெங்களூர் போய்விடலாம். திம்பத்தில் 27 வளைவுகள், வழியெல்லாம் புலிகள் காப்பகம். இரவில் போக்குவரத்துக்குத் தடை இருப்பதால் மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு பண்ணாரிச் சோதனைச்சாவடியைத் தாண்டிவிடுங்கள். கரும்பு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்தாதீர்கள். கரும்புக்காக யானை சாலைக்கு வரும் இடம் அது, லாரியே நின்றுவிடும்.