பதில்: அமெரிக்காவில் ஏன் செவ்வாய்க்கிழமை ஓட்டு?

வணக்கம். நியூயார்க்கில் முதல்முறை ஓட்டுப் போடப்போகிறீர்கள், அன்று செவ்வாய், பகல் முழுக்க வேலை, ஞாயிறு வைத்தால் என்ன என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கோபம்தான்.

இந்த நாளை 1845-இல் சட்டமாக்கினார்கள். அதுவரை மாநிலத்துக்கு ஒரு நாள் ஓட்டு. முந்திப் போட்டவர்களின் முடிவு மற்றவர்களைப் பாதித்தது. அன்று பெரும்பாலோர் விவசாயிகள். நவம்பரில் அறுவடை முடிந்திருக்கும், பனியும் பாதையை மூடியிருக்காது. ஓட்டுப் போட மாவட்டத் தலைநகருக்குக் குதிரை வண்டியில் போகவே சிலருக்கு ஒரு நாள் ஆகும். ஞாயிறு தேவாலயம், திங்கள் என்றால் ஞாயிறே கிளம்ப வேண்டும். பல ஊர்களில் புதன் சந்தை நாள். மிஞ்சியது செவ்வாய்.

சட்டம் சொல்வது 'நவம்பரின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய்'. அதென்ன சுற்றல்? 1792 சட்டப்படி, டிசம்பர் முதல் புதனன்று கூடிய தேர்வாளர்களை (மாநிலங்களின் சார்பில் அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்கள்) அதற்கு முந்தைய 34 நாளுக்குள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வெறுமனே முதல் செவ்வாய் என்று வைத்திருந்தால், நவம்பர் 1 செவ்வாயாக வரும் ஆண்டில் இடைவெளி 36 நாளாகிவிடும். அதைத் தவிர்க்கத்தான் இந்தச் சுற்றுவழி. குதிரை வண்டி போயும் சட்டம் மாறாதது எனக்கும் வருத்தமே.

நீங்கள் செவ்வாய் வரை காத்திருக்க வேண்டாம். நியூயார்க்கில் ஒன்பது நாள் முன்கூட்டியே ஓட்டுப் போடலாம், தேர்தலுக்கு முந்தைய ஞாயிறு வரை. முடியாவிட்டால், வேலைக்கு முன்போ பின்போ தொடர்ந்து நான்கு மணி நேரம் வாக்குச்சாவடி திறந்திராதபோது, இரண்டு மணி நேரம் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. குறைந்தது இரண்டு வேலைநாள் முன்பே மேலாளரிடம் சொல்லிவிடுங்கள்.