உள்ளாட்சி அலுவலகங்களில் பணியாளர் சம்பளத்தையும் பணிப் பதிவுகளையும் கணினியில் வைக்கும் டிஜிட்டல் முறை உண்மையில் பயன் தருகிறதா?

பயன் தருகிறது, கணினியில் ஏற்றிய பதிவு சரியாக இருந்தால். ராமநாதபுரம் கடலோரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் பல வருடம் சம்பளப் பில் போட்டு ஓய்வு பெற்றவன் நான்.

முன்பெல்லாம் பில்லைத் தூக்கிக்கொண்டு சார்நிலைக் கருவூலத்துக்கு பஸ் ஏற வேண்டும். ஏதாவது ஆட்சேபம் எழுதித் திருப்பினால் மறுநாள் மறுபடி பஸ். மாறுதலில் வந்தவருக்கு எஸ்.ஆர். (பணிப்பதிவேடு) வந்து சேரும் வரை இன்கிரிமென்ட் போட முடியாது. மாநில அரசின் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் (இப்போது களஞ்சியம் என்கிறார்கள்) வந்த பிறகு அந்த அலைச்சல் போயிற்று. சம்பளச் சீட்டை அவரவர் போனிலேயே பார்க்கிறார்கள். மாதக் கடைசியில் சர்வர் இழுக்கும்தான், ஆனாலும் நான் பழைய முறைக்குத் திரும்பச் சொல்ல மாட்டேன்.

சிக்கல் பழைய பதிவுகளை ஏற்றியதில். உப்புக் காற்றில் எங்கள் பீரோக்களே துருப்பிடித்து உதிரும், காகிதம் என்ன ஆகும்? என் எஸ்.ஆரில் விடுப்புக் கணக்குப் பக்கங்கள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. ஏற்றியவர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஓய்வு பெறும்போது ஈட்டிய விடுப்பு 240 நாள் வரை பணமாக வாங்கலாம். என் கணக்கில் 211 நாள் இருக்க வேண்டும், கணினி 173 காட்டியது. விடுப்பு ஆணைகளை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்ததால் தப்பித்தேன். அப்படியும் திருத்தி வாங்க நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் எனக்குச் சரியான தூக்கமில்லை.

ஏற்றும்போதே ஒரு பிரின்ட் எடுத்து என்னிடம் காட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தால் பத்து நிமிட வேலை. நீங்கள் இப்போது பணியில் இருந்தால் உங்கள் பதிவை எஸ்.ஆரோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். பிறந்த தேதி, பணியில் சேர்ந்த நாள், விடுப்பு இருப்பு, நாமினி பெயர் இந்த நான்கையும் முதலில் பாருங்கள்.

அப்புறம், இந்த முறைக்குள் வராதவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய மனக்குறை. நான் இருந்தவரை கிராம ஊராட்சிக் கணக்கில் சம்பளம் வாங்கிய டேங்க் ஆபரேட்டர்களுக்கு (குடிநீர்த் தொட்டியை இயக்குபவர்கள்) எஸ்.ஆரும் இல்லை, கணினியில் பெயரும் இல்லை. 2020 டிசம்பரில் புரெவி புயல் பாம்பன் பக்கம் நின்றபோது ஊருக்குக் குடிநீர் தடைபடாமல் பார்த்துக்கொண்ட டேங்க் ஆபரேட்டர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வேலையில் சேர்ந்த தேதிக்கு ஒரே ஆதாரம், ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும் ஒரு பழைய தீர்மானப் புத்தகம்.