டுபாய் பாடசாலையை விட்டு விலகும்போது

கேள்வி: மகள் டுபாயில் ஒரு தனியார் பாடசாலையில் மூன்று வருடமாகக் கணிதம் படிப்பிக்கிறாள். வேலையை விட்டு ஊருக்கு வரப்போகிறாள். விசாச் செலவைக் கட்டினால்தான் கடவுச்சீட்டு தருவார்களாம். என்ன செய்வது?
- ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: கட்ட வேண்டாம், அம்மா. வேலைக்கு எடுத்த செலவை ஊழியரிடம் அறவிடுவதை அந்நாட்டின் 2021ஆம் ஆண்டு 33ஆம் இலக்கத் தொழிற்சட்டம் தடுக்கிறது. கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பதும் குற்றம்.

விலகல் அறிவித்தலை மகள் எழுத்தில் கொடுக்கட்டும்; மின்னஞ்சலும் போதும். ஒப்பந்தத்தில் உள்ள அறிவித்தல் காலம் 30 முதல் 90 நாள் வரை இருக்கும். அதை முடிக்காமல் புறப்பட்டால் மீதி நாட்களின் சம்பளத்தை அவள்தான் கொடுக்க நேரும்.

பணிக்கொடையை விடவே வேண்டாம். முதல் ஐந்து வருடங்களுக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அடிப்படை 4,000 திர்ஹம் என்றால் மூன்று வருடத்துக்கு 8,400 திர்ஹம். வீட்டுப்படி இந்தக் கணக்கில் சேராது. பலர் மொத்தச் சம்பளத்தில் கணக்குப் பார்த்து ஏமாறுகிறார்கள். எடுக்காத வருடாந்த விடுமுறைக்கும் பணம் உண்டு. எல்லாம் 14 நாளுக்குள் தரப்பட வேண்டும்.

தானாக விலகுவதால் விமானச் செலவு ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அனுபவச் சான்றிதழ் இலவசம்.

விசா ரத்துப் படிவத்தில் ‘எல்லாம் பெற்றுக்கொண்டேன்’ என்று இருக்கும். பணம் வங்கிக்கு வருமுன் அதில் கையெழுத்து வைக்கக் கூடாது. இழுத்தடித்தால், நாட்டை விட்டு வெளியேறும் முன்பே அங்குள்ள மனிதவள அமைச்சில் முறைப்பாடு செய்யச் சொல்லுங்கள்.